ஒரு சடுதிமாற்றத்தை மரபணு வரிசையிலிருந்து புரத அமைப்பு வரை ஆராய்வது எப்படி? சார்ஸ்-கோவ்-2 வைரஸை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வேலையைப் பற்றியது. கோவிட் பெருந்தொற்றை உண்டாக்கிய சார்ஸ்-கோவ்-2 வைரஸின் வரிசைகளில் ஒரு சடுதிமாற்றம் தென்படுகிறது என்றால், அது உண்மையானதா, எந்தப் புரதத்தின் எந்த அமினோ அமிலத்தை மாற்றுகிறது, முப்பரிமாண அமைப்பில் அந்த இடம் எங்கே இருக்கிறது, அதனால் வைரஸின் நடத்தையில் என்ன மாறக்கூடும் ஆகியவற்றைச் சாதாரணக் கணினி ஒன்றிலேயே ஆராய்ந்து முடிப்பதுதான் அந்த வேலை.

புதியவர்கள் கருவிகளைக் கற்றுக்கொள்வதில் அதிகம் தடுமாறுவதில்லை. படிகளின் முன்பின் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முப்பரிமாணப் படம் கண்ணைக் கவர்வதால் அதையே முதலில் திறந்துவிடுகிறார்கள். அமினோ அமிலத்தின் எண் ஓர் இடம் பிசகியிருந்தாலும் படம் எந்த எச்சரிக்கையும் தராமல் வேறோர் இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கீழே உள்ளவற்றில் ஆறாம் படி முடியும் வரை புரதத்தின் படத்தைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆதார வரிசை முதலாவது. வூஹான்-ஹு-1 என்று அழைக்கப்படும், என்சிபிஐ-இன் ரெஃப்செக் தரவுத்தளத்தில் என்சி_045512.2 என்ற எண்ணில் உள்ள 29,903 நியூக்ளியோடைடு நீளமுள்ள வரிசையையே உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். வேறெந்த வரிசையையும் அதன் இடத்தில் வைக்காதீர்கள். இலக்கியத்தில் காணும் ஒவ்வொரு எண்ணும் இதை வைத்தே எழுதப்பட்டது.

ஆராய வேண்டிய மாதிரி வரிசைகள் இரண்டாவது. இவற்றைப் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கிலிருந்து தடையின்றிப் பெறலாம். ஜிஸெய்ட் தரவுத்தளத்தில் பதிவு செய்து நுழைய வேண்டும். அங்கிருந்து எடுத்த வரிசைகளைப் பிறருக்கு மறுவிநியோகம் செய்ய அதன் விதிகள் இடம் தருவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே கவனத்தில் கொள்ளுங்கள்.

மென்பொருள்களில் தரம் பார்க்கவும் ஒப்பிடவும் நெக்ஸ்ட்கிளேட், வரிசைகளைப் பொருத்த மாஃப்ட், அமைப்பைப் பார்க்கக் கைமெராஎக்ஸ் அல்லது பைமால் போதும். இவற்றோடு, எந்தக் கோடான் (மூன்று எழுத்துத் தொகுதி) எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்று காட்டும் கோடான் அட்டவணை ஒன்றை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்வது நல்லது. மென்பொருள் சொல்வதைக் கையால் சரிபார்க்க அது அடிக்கடி தேவைப்படும்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

‘இந்தத் திரிபு ஆபத்தானதா’ என்பது இந்த முறையால் விடை காணக்கூடிய கேள்வி அல்ல. ‘வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தின் 501-ஆம் இடத்தில் அஸ்பராஜின் டைரோசினாக மாறினால், அது பற்றிக்கொள்ளும் மனித செல்லின் ஏசிஇ2 ஏற்பியுடனான பிணைப்பு மாறுமா’ என்பது விடை காணக்கூடியது. பிணைப்பு, எதிர்ப்பான்களிடமிருந்து தப்புதல், புரதம் வெட்டப்படுதல், மருந்து எதிர்ப்பு ஆகியவற்றில் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே ஏழாம் படியில் தேர்ந்தெடுக்கும் அமைப்பு மாறும். அதனால்தான் இதை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

3. ஆதார வரிசையின் ஆயங்களைக் குறித்துக்கொள்ளுதல்

ஸ்பைக் புரதத்தின் மரபணு 21563-இல் தொடங்கி 25384-இல் முடிகிறது. இது 3,822 நியூக்ளியோடைடுகள், அதாவது 1,273 அமினோ அமிலங்களும் ஒரு நிறுத்தக் கோடானும். இதிலிருந்து எளிய சூத்திரம் ஒன்று கிடைக்கிறது: அமினோ அமிலத்தின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, மூன்றால் பெருக்கி, 21563-ஐக் கூட்டினால் அதன் கோடானின் முதல் எழுத்து இருக்கும் இடம் வரும்.

பரவலாக அறியப்பட்ட டி614ஜி மாற்றத்தில் (எண்ணுக்கு முன் உள்ளது பழைய அமினோ அமிலத்தின் எழுத்து, பின் உள்ளது புதியதன் எழுத்து) இதைச் சோதித்துப் பாருங்கள். 613-ஐ மூன்றால் பெருக்கினால் 1839. 21563-ஐக் கூட்டினால் 23402. அங்கே தொடங்கும் கோடான் ஜிஏடி, அதாவது அஸ்பார்டிக் அமிலம். 23403-இல் உள்ள ஏ, ஜி ஆக மாறியதும் கோடான் ஜிஜிடி ஆகி, கிளைசினைத் தருகிறது. 23403 என்ற எண்ணும் 614 என்ற எண்ணும் ஒரே நிகழ்வைக் குறிப்பது இவ்வாறுதான். இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை செய்து பார்த்தவர் பிறகு எண்களில் எளிதில் ஏமாறுவதில்லை.

வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ என்பதால் வரிசையில் யுராசில் இருக்க வேண்டுமே என்று சிலர் தேடுவதுண்டு. வரிசைப்படுத்துவதற்கு முன் ஆர்என்ஏ, டிஎன்ஏ-வாகப் படியெடுக்கப்படுகிறது. தரவுத்தளங்களிலும் யுராசிலுக்குப் பதில் தைமினே எழுதப்படுகிறது.

4. மாதிரி வரிசைகளைத் தரம் பிரித்தல்

வரிசையில் ‘என்’ (N) என்ற எழுத்து வந்தால் அந்த இடத்தில் எந்த எழுத்து இருக்கிறதென்று கண்டறியப்படவில்லை என்று பொருள். ‘மாற்றம் இல்லை’ என்று அதைப் படிப்பதே இந்தப் படியில் நான் அதிகம் காணும் பிழை. ஆயிரம் வரிசைகளில் நூறில் மாற்றம் இருக்கிறது என்று எழுதுவதற்கு முன், மீதமுள்ள தொள்ளாயிரத்தில் எத்தனையில் அந்த இடம் உண்மையிலேயே படிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். அந்தத் தொகையோடு மாற்றம் கண்ட நூறையும் கூட்டி வருவதே வகுக்க வேண்டிய பகுதி எண்.

இப்படிப்பட்ட வெற்றிடங்கள் தற்செயலாக விழுவதில்லை. ஆர்டிக் போன்ற வரிசைப்படுத்தும் முறைகளில் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 400 நியூக்ளியோடைடு நீளத் துண்டுகளாகப் பெருக்கப்படுகிறது. பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டான பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்திலேயே வைரஸ் மாறிவிட்டால் அந்தத் துண்டு முழுவதும் காணாமல் போகிறது. புதிய திரிபுகள் வந்தபோது பிரைமர்களைத் திருத்தி வெளியிட நேர்ந்தது இதனால்தான். ஆகவே ஒரே இடத்தில் பல மாதிரிகளில் வெற்றிடம் தெரிந்தால், அங்கே மாற்றம் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதற்கான தடயமாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

பிரைமர் பகுதிகள் வரிசையிலிருந்து வெட்டி நீக்கப்பட்டனவா என்பதையும் பாருங்கள். நீக்கப்படாவிட்டால் வைரஸின் உண்மையான எழுத்துக்குப் பதிலாக, நாம் சேர்த்த பிரைமரின் எழுத்தே அங்கே பதிவாகிச் சடுதிமாற்றத்தை மறைத்துவிடும். வரிசையின் இரு முனைகளிலும் தரம் குறைவாக இருப்பது வழக்கம். அங்கு மட்டும் தென்படும் மாற்றங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

5. வரிசைகளைப் பொருத்துதலும் நீக்கங்களைப் படித்தலும்

ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாக மாறும் இடங்களில் பொருத்தம் சிக்கலின்றி முடிந்துவிடும். சிக்கல் நீக்கங்களில்தான் இருக்கிறது.

ஆல்ஃபா திரிபில் ஸ்பைக் புரதத்தின் 69, 70 ஆகிய இரண்டு அமினோ அமிலங்கள் இல்லை. நியூக்ளியோடைடு அளவில் இந்த நீக்கம் 21765 முதல் 21770 வரையிலான ஆறு எழுத்துகள் என்று குறிக்கப்படுகிறது. ஆனால் 69-ஆம் கோடான் 21767-இல் அல்லவா தொடங்குகிறது என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி சரியானதே. ஆதார வரிசையில் 68 முதல் 70 வரையிலான கோடான்கள் ஏடிஏ, சிஏடி, ஜிடிசி. நீங்கியவை 68-இன் கடைசி இரண்டு எழுத்துகளும், 69-இன் மூன்று எழுத்துகளும், 70-இன் முதல் எழுத்தும் ஆகும். எஞ்சிய ஏ, 70-இல் மிஞ்சிய டிசி-யுடன் சேர்ந்து ஏடிசி ஆகிறது. ஏடிஏ, ஏடிசி இரண்டுமே ஐசோலூசினைத்தான் தருகின்றன. ஆகவே 68-ஆம் இடம் புரத அளவில் மாறவில்லை. அதன் கோடான் மட்டும் மாறியிருக்கிறது. மூன்றின் மடங்காக நீங்கியதால் அடுத்து வரும் வாசிப்புச் சட்டமும் (எழுத்துகளை மும்மூன்றாகப் பிரித்துப் படிக்கும் ஒழுங்கு) குலையவில்லை. மூன்று மரபணுக்களைத் தேடும் சில பிசிஆர் சோதனைகளில் ஸ்பைக் இலக்கு மட்டும் தோல்வியடைந்து, அதுவே ஆல்ஃபா பரவலின் அடையாளமாகப் பயன்பட்டதற்கும் இதே ஆறு எழுத்துகள்தாம் காரணம்.

பீட்டா திரிபில் வேறு வகைக் குழப்பம் உண்டு. 241 முதல் 245 வரை ஆதார வரிசையில் லூசின், லூசின், அலனின், லூசின், ஹிஸ்டிடின் என்று உள்ளன. 241 முதல் 243 வரை நீங்கினாலும், 242 முதல் 244 வரை நீங்கினாலும் மிஞ்சுவது லூசின், ஹிஸ்டிடின் என்ற அதே வரிசைதான். இதனால் ஒரே நீக்கத்தை ஆய்வுக்கட்டுரைகள் இரண்டு பெயர்களில் குறிப்பிடுகின்றன. இரண்டு வேறு நிகழ்வுகள் என்று எண்ணி அட்டவணையில் இரண்டு வரிகள் போடாதீர்கள்.

நீக்கமோ செருகலோ உள்ள மாதிரியில் அமினோ அமிலங்களை முதலிலிருந்து எண்ணிக்கொண்டு போவது இன்னொரு பொதுவான பிழை. எண் எப்போதும் ஆதார வரிசையினுடையது. ஆல்ஃபாவில் 69, 70 தவிர 144-உம் நீங்கியிருப்பதால், அதன் ஸ்பைக் புரதத்தை நேரடியாக எண்ணிச் செல்பவருக்கு 501-ஆம் இடத்து டைரோசின் 498-இல் கிடைக்கும். ஆனால் அதன் பெயர் என்501ஒய்தான்.

6. புரதமாக மொழிபெயர்த்து எண்ணைச் சரிபார்த்தல்

ஸ்பைக் மரபணுவில் இது நேரடியான வேலை. என்501ஒய்-க்கு 23063-இல் ஏ, தைமினாக மாறி ஏஏடி கோடான் டிஏடி ஆகிறதா, ஈ484கே-க்கு 23012-இல் ஜி, ஏ ஆக மாறி ஜிஏஏ கோடான் ஏஏஏ ஆகிறதா என்று பார்த்தால் போதும்.

ஓஆர்எஃப்1ஏபி என்ற பெரிய மரபணுவில் மட்டும் மொழிபெயர்ப்பு மென்பொருளை அப்படியே நம்பக் கூடாது. 266-இல் தொடங்கும் அந்தப் பகுதியைப் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் படித்துக்கொண்டு வரும்போது 13468-ஆம் இடத்தில் ஓர் எழுத்து பின்னால் நகர்ந்து, அதே எழுத்தை மறுபடியும் படித்துத் தொடர்கிறது. இந்தப் பின்னகர்வைக் கணக்கில் எடுக்காமல் நேராக மொழிபெயர்த்தால் சற்று நேரத்திலேயே நிறுத்தக் கோடான் வந்து நின்றுவிடும். அதைப் பார்த்து ‘புரதம் துண்டாகிவிட்டது’ என்று முடிவு கட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

இதே மரபணுவில் பெயர்க் குழப்பமும் அதிகம். ஆர்என்ஏ-வைப் படியெடுக்கும் நொதியில் புரோலின் லூசினாக மாறும் ஒரே மாற்றம், நொதியின் எண்ணில் 323 என்றும், ஓஆர்எஃப்1பி-இன் எண்ணில் 314 என்றும், முழுப் பல்புரதத்தின் (பின்னர் பல புரதங்களாக வெட்டப்படும் ஒரே நீண்ட புரதம்) எண்ணில் 4715 என்றும் எழுதப்படுகிறது. மூன்றுக்கும் அடிப்படை 14408-இல் சி, தைமினாக மாறியதே. எனவே குறிப்பேட்டில் நியூக்ளியோடைடு எண்ணையும் எப்போதும் சேர்த்து எழுதுங்கள்.

இதோடு, அந்த மாற்றம் எத்தனை முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பதையும் மரபுவழி மரத்தில் பார்த்துவிடுங்கள். ஒரு கிளை வேறு காரணத்தால் பெருகும்போது அதிலுள்ள எல்லா மாற்றங்களும் சேர்ந்தே பெருகும். ஆகவே வரிசைகளின் எண்ணிக்கை மட்டும் ஒன்றையும் நிறுவாது. ஆல்ஃபா, பீட்டா, காமா ஆகிய மூன்று தனிக் கிளைகளிலும் என்501ஒய் தோன்றியது அதைவிட வலுவான சான்று.

7. கேள்விக்கேற்ற புரத அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

இனிதான் புரதத் தரவு வங்கிக்குச் செல்ல வேண்டும். தேடலில் முதலில் வரும் கோப்பை எடுப்பது போதாது. ஒவ்வொரு கோப்பும் குறிப்பிட்ட ஒரு நிலையில், குறிப்பிட்ட மாற்றங்களோடு பிடிக்கப்பட்ட புரதத்தின் அமைப்பு.

ஏற்பியுடனான பிணைப்பே கேள்வி என்றால் 6எம்0ஜே என்ற கோப்பு பொருத்தமானது. இது எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மூலம் 2.45 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) பிரிதிறனில் பெறப்பட்டது. ஏ சங்கிலி ஏசிஇ2, ஈ சங்கிலி ஸ்பைக்கின் ஏற்பிப் பிணைப்புப் பகுதி. ஆனால் இதில் 614-ஐத் தேடினால் கிடைக்காது. ஸ்பைக்கின் அந்தப் பகுதியே கோப்பில் இல்லை.

மூன்று ஒத்த சங்கிலிகளாலான முழு ஸ்பைக்கின் அமைப்பு வேண்டுமென்றால், கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் 2020-இல் வெளிவந்தவற்றில் 6விஎஸ்பி-இல் ஓர் ஏற்பிப் பிணைப்புப் பகுதி மேல்நோக்கித் திறந்தும், 6விஎக்ஸ்எக்ஸ்-இல் மூன்றும் மூடியும் உள்ளன. எதிர்ப்பான் எட்டக்கூடிய பரப்பைப் பற்றிப் பேசுபவர் இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். மூடிய நிலையில் மறைந்திருக்கும் இடம் திறந்த நிலையில் வெளிப்படலாம்.

இந்த அமைப்புகளில் உள்ள புரதம் இயற்கையானது அல்ல. நிலைத்தன்மைக்காக 986, 987 ஆகிய இடங்களில் புரோலின்கள் வைக்கப்பட்டுள்ளன; ஃபியூரின் நொதி வெட்டும் இடமும் மாற்றப்பட்டுள்ளது. கோப்பிலுள்ள வரிசையை ஆதார வரிசையோடு ஒருமுறை பொருத்திப் பார்த்தால் இவை தானாகவே தெரிந்துவிடும். பார்க்காதவர், ஆய்வகத்தில் வைத்த புரோலினைச் சடுதிமாற்றம் என்று எண்ணிக் குழம்புவார்.

8. அமைப்பில் அந்த இடத்தைப் பார்த்தல்

முதலில், அந்த அமினோ அமிலம் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்ஃபாவின் பி681ஹெச் மாற்றத்தை ஆராய 681-ஐத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான ஸ்பைக் அமைப்புகளில் எதுவும் தெரியாது. அந்தப் பகுதி ஒரு நிலையான வடிவமின்றி அசைந்துகொண்டிருக்கும் வளையம் என்பதால் நுண்ணோக்கியில் பதிவாகவில்லை. இது கோப்பின் குறை அல்ல. ஃபியூரின் வெட்டும் இடத்தை ஒட்டிய பகுதி நெகிழ்வானது என்பதே உங்கள் ஆய்வுக்கு வேண்டிய தகவல்.

இடம் தெரிந்தால், அதைச் சுற்றி 4 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் எவை இருக்கின்றன என்று பட்டியலிடுங்கள். 501-ஐச் சுற்றி ஏசிஇ2-இன் 41-ஆம் டைரோசினும் 353-ஆம் லைசினும் இருக்கும் பகுதி தெரியும். அங்கே வளையமுள்ள டைரோசின் வந்தால் பிணைப்பு வலுப்படலாம் என்ற கருதுகோள் இயல்பாக எழுகிறது. 417-ஆம் லைசின் ஏசிஇ2-இன் 30-ஆம் அஸ்பார்டிக் அமிலத்துடன் உப்புப் பாலம் அமைப்பதால், லைசின் போனால் மின்னேற்ற ஈர்ப்பும் போகும். பீட்டாவில் 417, 501 இரண்டும் சேர்ந்தே மாறின; ஒன்று குறைப்பதை மற்றொன்று ஈடுகட்டக்கூடும் என்பதால் தனித்தனியாக மட்டும் பார்த்து முடிவு எழுதக் கூடாது.

614-க்கு ஒற்றைச் சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பவர் ஒன்றையும் காண மாட்டார். அதன் எதிரே இருப்பது பக்கத்துச் சங்கிலியின் 859-ஆம் த்ரியோனைன். மூன்று சங்கிலிகளையும் திறந்துவைத்தால்தான், ஏற்பியைத் தொடாத இந்த இடம் சங்கிலிகளுக்கு இடையிலான பிடிப்பின் வழியே ஸ்பைக் முழுவதின் நிலையையும் பாதிக்க முடியும் என்பது புரியும்.

சர்க்கரைகளையும் மறந்துவிடாதீர்கள். ஸ்பைக்கின் ஒவ்வொரு சங்கிலியிலும் அஸ்பராஜினுடன் சர்க்கரைத் தொடர் இணையும் இடங்கள் 22 உள்ளன. கோப்புகளில் பெரும்பாலும் முதல் ஓரிரு சர்க்கரைகளே தெரிகின்றன. படத்தில் வெளிப்பட்டுத் தெரியும் பரப்பில் கணிசமான பங்கு உண்மையில் மூடியே இருக்கிறது.

மென்பொருளில் அமினோ அமிலத்தை மாற்றிப் பார்க்கும் வசதி பயனுள்ளது. ஆனால் அது பக்கச்சங்கிலியை மட்டுமே மாற்றுகிறது. புரதச் சங்கிலியின் முதுகெலும்பு நகர்வதை அது காட்டாது. மாறிய வரிசையை, வரிசையிலிருந்து புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளுக்குக் கொடுத்து, வந்த படத்தில் வித்தியாசம் இல்லாததால் சடுதிமாற்றத்துக்கு விளைவில்லை என்று எழுதுவதும் தவறு. ஒற்றை மாற்றத்தின் விளைவை அளப்பதற்காக அது உருவாக்கப்படவில்லை.

9. ஆய்வக அளவீடுகளோடு ஒப்பிடுதல்

இதுவரை கிடைத்திருப்பது ஒரு கருதுகோள். ஏற்பிப் பிணைப்புப் பகுதியின் ஏறத்தாழ எல்லா ஒற்றை அமினோ அமில மாற்றங்களையும் ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பில் வெளிப்படுத்தி, ஏசிஇ2-உடனான பிணைப்பை அளந்த தரவுகள் 2020-இலேயே வெளியிடப்பட்டன. என்501ஒய் பிணைப்பை வலுப்படுத்தும் என்பது ஆல்ஃபா கவனத்துக்கு வரும் முன்பே அதில் தெரிந்தது.

அதே தரவில் ஈ484கே-ஐப் பார்த்தால் பிணைப்பில் பெரிய மாற்றம் இருக்காது. அதனால் அது முக்கியமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் முக்கியத்துவம் எதிர்ப்பான்களிடமிருந்து தப்புவதில் இருக்கிறது, அதை அளக்கும் சோதனை வேறு. இரண்டாம் படியில் எழுதிய கேள்வியை இங்கே மறுபடியும் எடுத்துப் படியுங்கள். உங்கள் கேள்வியும் நீங்கள் பார்க்கும் அளவீடும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே இந்தப் படியின் முழு வேலை.

எந்தச் செல்லில் சோதனை நடந்தது என்பதும் விடையை மாற்றும். குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில் குளோரோகுயின் வைரஸைத் தடுத்தது. மனித நுரையீரலிலிருந்து வந்த காலு-3 செல்களில் தடுக்கவில்லை. நுரையீரல் செல்களில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி ஸ்பைக்கை வெட்டிக் கொடுப்பதால், வைரஸ் அந்த மருந்து செயல்படும் வழியைத் தவிர்த்துவிட்டு நுழைகிறது.

10. மருந்து இலக்கில் இதே முறை: முதன்மைப் புரோட்டியேஸ்

முந்தைய படிகள் அப்படியே பொருந்தும். எண்ணில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: பல்புரதத்தை வெட்டும், 306 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த நொதி, அதே பல்புரதத்தின் 3264-ஆம் இடத்தில் தொடங்குகிறது. ஒமிக்ரானில் காணப்பட்ட 132-ஆம் இடத்து மாற்றம் பல்புரத எண்ணில் 3395 என்று வருவது இதனால்தான்.

புதியவர்கள் பெரும்பாலும் இந்த நொதியின் 6எல்யு7 கோப்பை எடுத்து, நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைக் கணினியில் பொருத்திப் பார்த்து, அதிக மதிப்பெண் பெற்றதை ‘மருந்து’ என்று அறிவித்துவிடுகிறார்கள். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் இப்படிப்பட்ட அறிவிப்புகள் ஏராளமாக வந்தன. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு சோதனைக்குழாய் கூட இல்லை.

அதைத் தவிர்க்க மூன்று சரிபார்ப்புகள் தேவை. முதலாவது, நொதி இரட்டையாகத்தான் இயங்குகிறது. ஒரு சங்கிலியின் முதல் செரின், மற்றதன் 166-ஆம் குளூட்டாமிக் அமிலத்தைத் தொட்டுப் பிணைப்புக் குழியின் வடிவத்தைத் தாங்குவதால், ஒற்றைச் சங்கிலியில் செய்த கணக்கை நம்ப முடியாது. இரண்டாவது, படிகத்திலேயே உள்ள மூலக்கூறை வெளியே எடுத்து மறுபடியும் பொருத்திப் பாருங்கள். அசல் நிலையிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வராவிட்டால் நீங்கள் மென்பொருளில் கொடுத்த அமைவுகளில் பிழை இருக்கிறது. மூன்றாவது, நிர்மாட்ரெல்விர் போன்ற மருந்துகள் 145-ஆம் சிஸ்டைனுடன் வேதிப்பிணைப்பே ஏற்படுத்துகின்றன. சாதாரணப் பொருத்தும் மென்பொருள் அந்தப் பிணைப்பைக் கணக்கிடுவதில்லை.

மதிப்பெண் வித்தியாசத்தையும் அளவோடு மதியுங்கள். அறை வெப்பநிலையில் மோலுக்கு ஏறக்குறைய 1.4 கிலோ கலோரி வித்தியாசம் பிணைப்பில் பத்து மடங்கு வித்தியாசத்துக்குச் சமம். பொருத்தும் மென்பொருள்களின் பிழை வரம்பே பொதுவாக அதைவிடப் பெரியது. தசமப் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கத்தை வைத்துத் தரவரிசை போடுவதில் பொருளில்லை.

11. முடிவை எழுதுதல்

மூன்று தனிப் பத்திகளாக எழுதுங்கள்: வரிசையில் கண்டது, அமைப்பிலிருந்து ஊகித்தது, பிறர் ஆய்வகத்தில் அளந்தது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் ஊகம் எங்கே தொடங்கியது என்று படிப்பவருக்குத் தெரியாது.

ஆதார வரிசையின் எண், நியூக்ளியோடைடு எண், அமினோ அமில எண், அமைப்புக் கோப்பின் பெயர், சங்கிலி எழுத்து, மென்பொருளின் பதிப்பு, தரவு எடுத்த நாள் ஆகியவற்றைச் சேர்க்கவும். வரிசைகளின் எண்ணிக்கையைக் குறிப்பிடும் இடத்தில், அவை எந்தெந்த நாடுகளிலிருந்து எத்தனை வந்தன என்பதையும் எழுத வேண்டும்; அதிகம் வரிசைப்படுத்தும் நாடுகளில் பரவும் திரிபுகளே தரவுத்தளத்தில் அதிகம் தெரியும். தரவு எடுத்த நாள் இல்லாத எண்ணிக்கையை யாராலும் மீண்டும் சரிபார்க்க முடியாது, ஏனெனில் தரவுத்தளங்களில் வரிசைகள் தொடர்ந்து சேர்கின்றன, பழையவை திருத்தப்படுகின்றன, சில திரும்பப் பெறவும்படுகின்றன.